டிரம்பெட்டில் வெட்டியிருப்பது யார் பெயர்?

எவர்சில்வர் பாத்திரக் கடையில் ஒரு குடம் வாங்கினால் கடைக்காரர் கேட்கும் அடுத்த கேள்வி "பேர் வெட்டணுமா?" என்பதுதான். அந்தக் குடம் ஐம்பது வருடம் கழித்து ஒரு பழைய சாமான் கடைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் பெயரைப் படித்துவிட்டு "ஓ, இவர்தான் இந்தக் குடத்தைச் செய்தவரா!" என்று யாராவது சொன்னால் சிரிப்பு வருமா, வராதா?

பழைய டிரம்பெட் விஷயத்தில் மட்டும் யாரும் சிரிப்பதில்லை. நாதஸ்வரத்துக்கு அணசு மாதிரி, டிரம்பெட்டுக்கும் ஒரு விரிந்த வாய் உண்டு. அதன் மேல் பூவேலைப்பாட்டோடு ஒரு பெயர் வெட்டியிருக்கும். வாங்குபவர், விற்பவர், ஏலக்காரர் எல்லோரும் அதையே செய்தவர் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். நூறு வருடப் பழைய கருவிகள் பலவற்றில் அது விற்ற கடையின் பெயர். சிலவற்றில் அப்படி ஒரு ஆளே இருந்ததில்லை! பிரெஞ்சுக் கருவிக்கு மதிப்பு அதிகம் என்பதால், பிரெஞ்சு மாதிரி ஒலிக்கும் ஒரு பெயரைக் கற்பனை செய்து வெட்டிவிட்டார்கள்.

இதற்கு அந்தத் தொழிலில் 'ஸ்டென்சில்' என்று பெயர். ஒரு தொழிற்சாலை கருவியைச் செய்து கொடுக்கும், வாங்கி விற்பவர் தன் பெயரைப் போட்டுக்கொள்வார். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள எல்க்ஹார்ட் நகரம் இதற்குப் பேர்போனது. 1870களில் சார்லஸ் ஜெரார்ட் கான் அங்கே தொடங்கிய நிறுவனம் தன் பெயரிலும் விற்றது, 'பான் அமெரிக்கன்' என்ற பெயரில் விலை குறைந்த ரகத்தையும் விற்றது, மற்ற கடைகளின் பெயரிலும் செய்து கொடுத்தது. சிகாகோவின் லயன் அண்ட் ஹீலி நிறுவனமோ ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த பித்தளைக் கருவிகளைத் தன் பெயரிலேயே விற்றது.

அப்படியானால் செய்தவரை எப்படித்தான் கண்டுபிடிப்பது? முதல் வேலை, வெட்டியிருக்கும் பெயரை மறந்துவிடுவது. பெயரை மாற்றுவது அரை மணி நேர வேலை. ஆனால் ஒரு பட்டறையின் அச்சுகளையும் கைப்பழக்கத்தையும் மாற்றுவது லேசில்லை. மூன்று வால்வுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, வால்வு மூடியின் வடிவம், விரல் வைக்கும் பொத்தான், குழாய்களை இணைக்கும் சின்னத் தாங்கிகள், உள்ளே சேரும் ஈரத்தை வெளியேற்றும் வாட்டர் கீ... இவை ஒவ்வொன்றையும், செய்தவர் யாரென்று உறுதியாகத் தெரிந்த கருவிகளோடு ஒப்பிட வேண்டும். ஒன்று பொருந்தினால் தற்செயலாக இருக்கலாம். ஐந்தாறு பொருந்தினால் யோசிக்கலாம்.

காலத்தைச் சொல்லும் தடயங்களும் உண்டு. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்று குறிக்கச் சொன்னது. 'பொஹீமியா' என்று இருந்தால் பெரும்பாலும் 1918க்கு முந்தையது. 'செக்கோஸ்லோவாக்கியா' என்று இருந்தால் நிச்சயம் 1918க்குப் பிந்தையது, ஏனென்றால் அதற்கு முன் அந்த நாடே கிடையாது! 'எல்.பி.' என்ற முத்திரையும் ஒரு துப்பு. உயர் சுருதி, தாழ் சுருதி என்று இரண்டும் ஒரே சமயத்தில் புழங்கிய காலத்தில், இது தாழ் சுருதிக் கருவி என்று சொல்ல அதைக் குத்தினார்கள்.

இத்தனை தடயம் கையில் இருந்தும் சறுக்குவது எங்கே? ஆசையில்தான். பெயர் தெரியாத டிரம்பெட்டுக்குப் பத்து ரூபாய் என்றால், "இது அநேகமாக கான் பட்டறைதான்" என்று ஒரு வரி சேர்த்தால் நூறு ரூபாய். அந்த 'அநேகமாக' அடுத்த கைக்குப் போகும்போது காணாமல் போய்விடும். ஆனால் தொழிலாளிகள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. கான் நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருந்த கஸ் பியூஷர் 1890களில் அதே ஊரில் சொந்தத் தொழிற்சாலை ஆரம்பித்தார். ஆள் இடம் மாறினால் கைப்பழக்கமும் கூடவே மாறும். ஆகவே "கான் மாதிரி இருக்கிறது" என்பது "கான் செய்தது" ஆகிவிடாது.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. செய்தவர் ஒருவர்தான் என்று யார் சொன்னது?

ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஹனும், எல்லைக்கு அந்தப் பக்கம் பொஹீமியாவில் இருந்த கிராஸ்லிட்ஸும் இசைக்கருவி ஊர்கள். மார்க்நாய்கிர்ஹன் சின்ன ஊர்தான், ஆனாலும் 1893 முதல் 1916 வரை அங்கே அமெரிக்கத் தூதரகக் கிளை ஒன்று இயங்கியது என்றால் ஏற்றுமதி எவ்வளவு நடந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் வால்வு, இன்னொரு வீட்டில் விரிந்த வாய், வேறொருவர் சேர்த்துப் பற்றவைப்பார். வியாபாரி வாங்கி கப்பலேற்றுவார். கப்பல் ஏறியது வியாபாரியின் பெயர், அல்லது அமெரிக்கக் கடையின் பெயர். அந்த வீடுகளின் பெயர் ஏறவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிராஸ்லிட்ஸின் ஜெர்மன் மொழிக்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் சிலர் பவேரியாவில் குடியேறி 1946இல் மிராஃபோன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மற்றவர்கள் எங்கெங்கோ சிதறினார்கள். ஊர் இன்று செக் குடியரசில், கிராஸ்லிட்சே என்ற பெயரில் இருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் ஒரு வேடிக்கை. முந்நூறு வருடத்துக்கு முந்தைய நியூரம்பர்க் டிரம்பெட்டில் செய்தவர் பெயர் பளிச்சென்று இருக்கும்! அங்கே கருவியில் மாஸ்டரின் பெயரும் முத்திரையும் இருக்க வேண்டும் என்பது தொழில் ஒழுங்கு. யோகான் வில்ஹெல்ம் ஹாஸ் (1649–1723) தன் பெயரோடு ஒரு பாயும் முயலையும் பொறித்தார், ஏனென்றால் ஜெர்மன் மொழியில் 'ஹாஸெ' என்றால் முயல். ஹாஸ் யாரென்று இன்றைக்கும் தெரியும். அவருக்கு இருநூறு வருடம் பின்னால் வந்த கிராஸ்லிட்ஸ் தொழிலாளி யாரென்று தெரியாது. காலம் அந்தப் பெயரை அழிக்கவில்லை. முதலில் எழுதினால்தானே அழிவதற்கு!

அதனால்தான் பெயரில்லாத டிரம்பெட்டுக்கு ஒரு பிரபலத்தின் பெயரை ஒட்டுவது வெறும் விலை ஏமாற்று மட்டுமல்ல. செய்த கையை முதலில் வியாபாரி மறைத்தார், இரண்டாவது முறை சேகரிப்பவர் மறைக்கிறார். பழைய கருவியைப் புதுசு போல் ஆக்குகிறேன் என்று மெஷினில் போட்டுத் தேய்ப்பதும் அதே ரகம். மழுங்கிப்போன முத்திரையும், பற்றவைத்த தடமும்தான் அந்த மனிதர் விட்டுப்போன ஒரே கையெழுத்து. பளபளப்புக்காக அதையும் அழித்துவிட்டு, பிறகு யார் செய்தது என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

தேடல் ஒரு பெயரில் முடியாவிட்டால் தோல்வி என்று நினைக்க வேண்டியதில்லை. "விற்றவர்: சிகாகோ கடை. செய்த இடம்: கிராஸ்லிட்ஸ் வட்டாரம், 1918க்கு முன். செய்தவர்கள்: தெரியவில்லை, ஒன்றுக்கு மேற்பட்டவர்களாக இருக்கலாம்." இப்படி ஒரு சீட்டு எழுதி டிரம்பெட் பெட்டிக்குள் வைத்தால், அடுத்து வருபவர் அங்கிருந்து தேடலைத் தொடரலாம். பொய்யாக ஒரு பெயர் எழுதியிருந்தால் தேடல் அதோடு சரி, கதவை மூடியாயிற்று.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கும் சீனத் தொழிற்சாலைகளில் செய்த டிரம்பெட்டுகள் உலகமெங்கும் வெவ்வேறு கடைகளின் பெயரில் விற்கின்றன. நூறு வருடம் கழித்து யாரோ ஒருவர் அவற்றையும் கையில் எடுத்துப் பார்ப்பார். அவருக்கு ஒரு துப்பாவது வேண்டாமா?