மருந்துச் சீட்டில் சாதி எதற்கு?

உலக மருத்துவ நூல்களில் செங்கல்பட்டின் பெயர் இடம்பெறக் காரணம் ஒரு பி.சி.ஜி. ஆய்வு. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய அந்த ஆய்வில் இரண்டரை லட்சம் பேருக்கும் மேல் சேர்க்கப்பட்டார்கள். பிரிட்டனில் காசநோயை நன்றாகத் தடுத்த ஊசி, இங்கே பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை.

அங்கே பலித்தது இங்கேயும் பலிக்குமா என்ற அதே கேள்வி, குடல் அழற்சி நோய் வந்த நம் குழந்தைகள் விஷயத்திலும் இருக்கிறது. ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, ஏறாத எடை, நின்றுபோன வளர்த்தி. நோயை அடக்கி வைக்கத் தரும் விலை குறைந்த மாத்திரைகளில் ஒன்று அசதியோபிரின். வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம். சில குழந்தைகளுக்கு இந்த அளவே சில வாரங்களில் வெள்ளை அணுக்களைச் சரித்துவிடும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். அப்போது தொற்று வந்தால் உயிருக்கே ஆபத்து.

ஐரோப்பியர்களிடம் இதற்குக் காரணமாகக் கண்டறிந்தது டி.பி.எம்.டி. என்ற மரபணுவின் மாற்றம். ஆசியர்களிடம் அந்த மாற்றம் குறைவு, ஆனால் அணுக்கள் சரிவது குறையவில்லை. விடை 2014-ல் கொரிய நோயாளிகளிடம் கிடைத்தது: என்.யூ.டி.டி.15 என்ற இன்னொரு மரபணு. அதன் மாற்றம் ஐரோப்பாவில் அரிது, கிழக்காசியாவில் அதிகம், தெற்காசியாவிலும் கணிசம். வெள்ளையர் உடம்பை மட்டும் பார்த்து எழுதிய பாடம் இத்தனை காலம் நம் பிள்ளைகளைக் கணக்கில் எடுக்கவில்லை.

அப்படியானால் தமிழ்க் குழந்தைகள் எல்லோருக்கும் அளவைக் குறைத்துவிடலாமா? கூடாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த மாற்றம் இல்லை. குறைந்த அளவு கொடுத்தால் அவர்களுக்கு நோய் அடங்காது.

இதைவிட ஆபத்தானது சாதியைக் கேட்டு அளவு முடிவுசெய்வது. அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று 1916-லேயே அண்ணல் அம்பேத்கர் நிறுவினார். அந்த அகமணம் மரபணுவிலும் தடம் பதித்திருக்கிறது. தெலுங்கு பேசும் வைசியர்களில் பலருக்கு சக்சினைல்கோலின் என்ற அறுவை சிகிச்சை மருந்து நெடுநேரம் தசைகளைச் செயலிழக்க வைக்கிறது. அதனால் சாதியைக் கேட்டு எச்சரிக்கையாகிற டாக்டர்களும் உண்டு. ஆனால் மருத்துவமனையில் "நீ என்ன ஆளு?" என்ற கேள்வி எல்லோர் காதிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. மேலும், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் அண்ணனுக்கு இருக்கும் மாற்றம் தங்கைக்கு இல்லாமல் போகலாம். சாதியைக் கேட்டு அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்க வேண்டியது ரத்தப் பரிசோதனை. மரபணுச் சோதனை வாழ்நாளில் ஒரே முறை போதும். இரண்டு பிரதியும் மாறியிருந்தால் வேறு மருந்து, ஒன்று மட்டும் மாறியிருந்தால் குறைந்த அளவில் தொடக்கம். சர்வதேச வழிகாட்டுதல் இப்படித்தான் சொல்கிறது. சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் முதல் மாதங்களில் அடிக்கடி அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்காக மாமல்லபுரம் பக்கத்துச் சேரியிலோ மீனவர் குப்பத்திலோ இருக்கும் ஒரு தாய், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை விட்டுச் செங்கல்பட்டுக்கோ எழும்பூருக்கோ பஸ் ஏறக் கூடாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் எடுக்க வேண்டும்.

மாணவத் தோழர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எத்தனை குழந்தைகள் அசதியோபிரின் சாப்பிடுகிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு என்.யூ.டி.டி.15 சோதனை செய்யப்பட்டது என்று இரண்டே கேள்விகள்.