தன்னம்பிக்கை வீடியோ அனுப்புகிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

லாரி மோதி என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை எனக்கு வந்த வீடியோக்களில் பாதி மாரியப்பன் தங்கவேலுவுடையது. கூடவே, "மனசு வெச்சா முடியாதது இல்லை டீச்சர்" என்று ஒரு வரி. அன்புதான், புரிகிறது. ஆனால் அந்த வரியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மாரியப்பன் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில், பள்ளிக்கூடம் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். இவ்வளவும் எல்லோரும் சொல்கிறீர்கள். காய்கறி விற்று, கடன் வாங்கி வைத்தியம் பார்த்த அம்மா, வருஷக்கணக்கில் இழுத்த நஷ்டஈட்டு வழக்கு, பள்ளியில் அவரை உயரம் தாண்டச் சொன்ன உடற்பயிற்சி ஆசிரியர், பெங்களூருவில் பயிற்சி கொடுத்த சத்யநாராயணா, இவர்களெல்லாம் ஏன் வீடியோவில் இல்லை? அப்படி ஒரு அம்மாவும் வாத்தியாரும் வாய்க்காமல் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிற பிள்ளைக்கு மனசு இல்லை என்றா அர்த்தம்?

இன்னொன்று, "பழையபடி ஆயிடுவீங்க." ஆக மாட்டேன். காலையில் கச்சிதமாக இருக்கிற செயற்கைக் கால் சாயங்காலம் தொளதொளக்கிறது, இன்னொரு காலுறை போட வேண்டியிருக்கிறது. இல்லாத கட்டைவிரல் ராத்திரியில் அரிக்கிறது. (எங்கே சொறிவது?) இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதுவரை அழுதேன், வந்தவர்கள் மேல் எரிந்து விழுந்தேன். யாரும் அதைக் கோழைத்தனம் என்று சொல்ல வேண்டாம். எழுந்து நிற்கச் சொன்னவர்கள் நூறு பேர். செயற்கைக் கால் பொருத்தும் இடத்தில், இரண்டு காலும் இல்லாத ஒரு தம்பிதான், விழுந்தால் எப்படி எழுவது என்று தரையில் உட்கார்ந்து காட்டிக் கொடுத்தார்.

ஆய்க்குடி இராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். மறுபடி நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பழையபடி ஆகட்டும் என்று காத்திருந்தால் அது நடந்திருக்குமா?

மனசைப் பற்றிப் பேசினது போதும், படிக்கட்டைப் பற்றிப் பேசுவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது, விதிகள் 2017-இல். ஐந்து வருஷத்துக்குள் பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் நாங்கள் போகிற மாதிரி வழி செய்ய வேண்டும் என்கிறது 45-ஆவது பிரிவு. கெடு முடிந்துவிட்டது. நான் போகிற அலுவலகத்தில் இன்னும் ஒன்பது படி, பிடிக்கக் கம்பி கிடையாது. உங்களில் எத்தனை பேர் அரசு வேலையில் இருக்கிறீர்கள்! உங்கள் ஆபீஸ் வாசலைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், மாரியப்பன் வீடியோவுக்குப் பதிலாக.

பொங்கலுக்கு வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். செருப்பை மட்டும் வாசல் நடுவில் குவிக்காதீர்கள், ஊன்றுகோல் இடறுகிறது.