வீட்டு வாசல் வரை வந்த நட்பு



கோடை கழிந்து ஆகஸ்டு பிறந்து, கொடைக்கானல் சலேத் மாதா ஆலயத் திருவிழா நெருங்கும்போது, கல்லூரிப் படிப்பை முடித்துக்கொண்டு வந்த நம் பிள்ளைகள் வீட்டில் மூன்று மாதங்களைக் கழித்திருப்பார்கள். முதல் மாதம் முழுவதும் கைப்பேசி ஓயாமல் ஒலித்தது. "இன்னும் என்ன பேச்சு? மூன்று வருடம் பேசியது போதாதா?" என்று நாமே அலுத்துக்கொண்டோம். இப்போது அந்த ஒலி நின்றுவிட்டது. நல்லது, பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்ணம் எல்லா வீடுகளிலும் சரியாக இராது என்பதைச் சொல்லவே இம்மாதம் எழுத அமர்ந்தோம்.

நம் மலைப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். 1984-ஆம் ஆண்டு கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபின், படிக்கவென்றே இம்மலை ஏறிவரும் பெண்கள் பலர். கீழ்நாட்டிலிருந்து வந்தவளும், பூம்பாறையிலோ மன்னவனூரிலோ பிறந்தவளும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு தேர்வுக்குப் படிக்கிறார்கள். பட்டம் பெற்றபின் ஒருத்தி கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிறாள். ஒருத்தி சென்னையில் மேற்படிப்பில் சேர்கிறாள். மூன்றாமவள் தந்தையின் பூண்டுக் காட்டில் களை எடுக்கிறாள். கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமைதான். ஆயினும், பட்டம் பெற்ற மகள் அந்தப் பாத்தியில் குனிந்து நிற்கையில், அப்பெருமை அவள் மனத்துக்கு எட்டுவதில்லை. தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி முதல் சம்பளத்தில் தாய்க்கு வாங்கிய சேலையின் படத்தை அனுப்புகிறாள். இவள் அனுப்புவதற்கு என்ன இருக்கிறது? முதலில் வாழ்த்தொன்று எழுதுகிறாள். பிறகு ஒரு பூப்படம் அனுப்புகிறாள். பிறகு அதுவும் இல்லை. மற்றவர்கள், "அவள் நம்மை மறந்துவிட்டாள்" என்கிறார்கள். மறதியன்று அது, வெட்கம். ஆண்பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். அவர்கள் வாய்விட்டுச் சொல்வது இன்னும் குறைவு.

வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வருவோர், கொடைக்கானல் நகரை எட்டுவதற்குச் சற்று முன்னர்ச் சண்பகனூரைக் காண்பர். அங்குள்ள திருஇருதயக் கல்லூரி 1895-இல் இயேசு சபையினரால் நிறுவப்பட்டது. பல ஊர்களிலிருந்து வந்த துறவு மாணவர்கள் அதில் ஒன்றாகக் கற்று, பின்னர்த் திசைக்கொருவராகப் பிரிந்து பணிக்குச் சென்றனர். அச்சபையின் தொடக்கமே ஒரு கல்லூரி நட்புதான் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம்.

பாரிசு நகரின் புனித பார்பரா கல்லூரியில், 1529-ஆம் ஆண்டு, ஒரே அறையில் மூவர் தங்க நேர்ந்தது. பிரான்சிஸ் சவேரியாருக்கும் பீட்டர் பேபருக்கும் வயது இருபத்து மூன்று. மூன்றாமவரான இஞ்ஞாசியாருக்கோ முப்பத்தெட்டு. முதியவருக்குப் பாடம் விளங்காத இடத்தில் பேபர் சொல்லிக்கொடுத்தார். வேறு நால்வரும் இவர்களோடு சேர்ந்தனர். 1534 ஆகஸ்டு 15, தேவதாயின் விண்ணேற்புத் திருநாளன்று, மோன்மார்த்ர் குன்றின் சிற்றாலயத்தில் எழுவரும் வார்த்தைப்பாடு கொடுத்தனர். அவ்வப்போது அவரவர் பங்கு உணவை எடுத்துக்கொண்டு ஒருவர் அறையில் கூடி உண்பதும், மறுமுறை வேறொருவர் அறையில் கூடுவதும் அவர்கள் வழக்கம். பக்தி முயற்சிகளைப் போலவே இந்தச் சோற்று மூட்டைகளும் அவர்களைப் பிணைத்தன என்பது நம் எண்ணம்.

அடுத்த ஆண்டே பிரிவு வந்தது. முதுகலைப் பட்டம் பெற்ற இஞ்ஞாசியார், உடல்நலம் கெட்டதால், 1535 வசந்தத்தில் சொந்த நாடான ஸ்பெயினுக்குப் புறப்பட்டார். அவர் கையில் சவேரியார் தம் தமையனுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. சவேரியாரைப் பற்றி யாரோ சிலர் கோள் சொல்லியிருந்தனர். வீட்டார் அதை நம்பி வருந்தியிருந்தனர். தகாத நண்பர்களிடமிருந்து தம்மை விலக்கியவர் இவரே. கையில் பணமின்றித் தவித்த வேளைகளில் உதவியவரும் இவரே. ஆகவே இவரை நேரில் கண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்னும் பொருள்பட அக்கடிதத்தைச் சவேரியார் எழுதியிருந்தார். ஊர் திரும்பிய இஞ்ஞாசியார், லாய்னஸ், சால்மரோன் ஆகிய தோழர்களின் குடும்பத்தாரையும் ஊர் ஊராகச் சென்று கண்டார். நோயாளியாகத் திரும்பியவர் தம் ஊரிலேயே ஓய்ந்து கிடந்திருக்கலாம். அவரோ தோழர்களின் வீட்டு வாசல்களில் போய் நின்றார்.

பாரிசில் எஞ்சியிருந்தோர் 1535, 1536 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அதே ஆகஸ்டு 15 அன்று அதே குன்றில் ஏறி வார்த்தைப்பாட்டைப் புதுப்பித்தனர். இஞ்ஞாசியாரை வெனிசு நகரில் சந்திப்பதாக ஏற்பாடு. இடையில் பிரான்சுக்கும் ஸ்பெயின் அரசருக்கும் போர் மூண்டது. ஆகவே குறித்த காலத்துக்கு முன்னதாகவே, 1536 நவம்பர் 15-இல், புதிதாகச் சேர்ந்த மூவரோடு ஒன்பது பேராகக் கால்நடையாய்ப் புறப்பட்டனர். மழையிலும் பனியிலும் ஐம்பத்து நான்கு நாள் நடந்து 1537 சனவரி 8-இல் வெனிசை அடைந்தனர். இஞ்ஞாசியார் அங்கே காத்திருந்தார்.

அந்தச் சவேரியார்தாம் பின்னர் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். 1540 மார்ச்சில் உரோமையில் விடைபெற்றபின் அவரும் இஞ்ஞாசியாரும் இவ்வுலகில் மீண்டும் சந்திக்கவேயில்லை. ஒரு கடிதம் போய்ச்சேர ஓராண்டுக்கும் மேலாகும். தோழர்களின் கடிதங்களில் அவரவர் கைப்பட இட்டிருந்த கையொப்பங்களைக் கத்தரித்து எடுத்துத் தம்மோடு எப்போதும் வைத்திருப்பதாக, 1546 மே மாதம் அம்போன் தீவிலிருந்து அவர் எழுதினார். இஞ்ஞாசியார் 1553 சூனில் அவரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வரும்படி கடிதம் எழுதியபோது, சவேரியார் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்து ஆறு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

புனிதர்களோடு நம்மை ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். அவர்கள் செய்தவற்றுள் நம்மால் இயலாதது பல. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் குறித்துக்கொள்வதும், தோழனின் வீட்டுக்கு ஒருமுறை போய்வருவதும் யாருக்கு இயலாது? குழுவில் நூறு பேருக்கு ஒரே வாழ்த்தை அனுப்புவதால், பேசாமலிருக்கும் ஒருத்தியின் வெட்கம் தீராது. வேலை கிடைத்தவள்தான் முதலில் வரவேண்டும். பூண்டுக் காட்டில் நிற்பவள் தானாகப் புறப்பட மாட்டாள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். மகன் தன் நண்பனைப் பார்க்கத் திருச்சிக்குப் போகிறேன் என்றால் பயணச்செலவுக்குக் கொடுக்கிறோம். மகள் கேட்டால், "ஊரார் என்ன சொல்வார்கள்?" என்கிறோம். சில வீடுகளில் படிப்பு முடிந்த அன்றே கைப்பேசியை வாங்கி வைத்துவிடுகிறார்கள். கவலை நியாயமானது, நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் மூன்று ஆண்டுகள் மகளோடு உண்டு உறங்கிய தோழியை நாம் ஒருமுறையேனும் கண்டிருக்கிறோமா? காணாதவரைப் பற்றித்தான் கோளும் எடுபடுகிறது. மணமாகி வேற்றூர் போனபின் மகளுக்கு ஓர் இக்கட்டு என்றால், தாயிடம் சொல்லத் தயங்குவதை அவள் சொல்லப்போவது அந்தத் தோழியிடம்தானே?

சலேத் மாதா திருவிழா ஆகஸ்டு 14, 15 ஆகிய நாள்களில் நடைபெறும். மகளையோ மகனையோ அழைத்து, "உன் கூட்டாளிகளை வரச் சொல், திருப்பலி முடிந்து நம் வீட்டில்தான் சாப்பாடு" என்று சொல்லுங்கள். பேசாமலிருக்கும் அந்தப் பிள்ளைக்கு மட்டும் உங்கள் மகளே நேரில் போய்ச் சொல்லட்டும். பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் கொடைக்கானலிலிருந்து பேருந்து உண்டு. மழைக்காலம் அது, குடையை மறந்துவிட வேண்டாம்.