வயசைப் பார்க்காதீங்க, சுவரைப் பாருங்க!



போன இதழில் மழைக் காலத்தில் பருப்பு, மிளகாய்த்தூள் பூசணம் பிடிக்காமல் பார்த்துக் கொள்வது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுத் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். "அக்கா, பருப்பு டப்பா இருக்கட்டும். எங்க வீடே நிக்குமான்னு தெரியலை. மாமனாரோட அப்பா கட்டின வீடு. பில்டர் ஒருத்தர் வாரா வாரம் வந்து கேட்டுக்கிட்டே இருக்கார். 'பழசு, இன்னிக்கோ நாளைக்கோ விழப் போவுது, குடுத்துடலாம்'ங்கறார் எங்க வீட்டுக்காரர். மாமியார் சாப்பிடாம உக்காந்திருக்காங்க. நான் யார் பக்கம் பேசறது?" என்று கேட்கிறார்.

இது அந்த ஒரு வீட்டுக் கேள்வி இல்லை. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு வீட்டுக்காவது பச்சைத் துணி கட்டி இடித்துக் கொண்டிருக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்தது. 2023 பட்ஜெட்டில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் என்று அறிவித்து, 2024 மார்ச்சில் வேலையைத் தொடங்கி வைத்தார்கள். நம் பக்கத்துக்கு நல்லது வருகிறதென்றால் சந்தோஷம்தான். ஆனால் நல்லது வரும்போது வீட்டுக்குள் சண்டையும் சேர்ந்து வருகிறதே! அதனால் இந்த முறை சமையலறைக் குறிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டைப் பற்றியே பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் நம் பக்கத்துக் கட்டடங்கள் இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன். 1856 ஜூன் மாதக் கடைசியில் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார். ஜூலை 1-ஆம் தேதி அங்கிருந்து வாலாஜா ரோடு வரைக்கும், சுமார் 100 கிலோமீட்டர், ரயில் ஓடியது. தென்னிந்தியாவில் ஜனங்கள் ஏறிப் போன முதல் ரயில் அதுதான். பம்பாயில் 1853-லேயே ரயில் விட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அன்றைய அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்று இல்லை. இந்தியாவில் இன்றும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் மிகப் பழசு நம் ராயபுரத்து ஸ்டேஷன்தான்! 1873-இல் சென்ட்ரல் வந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக ராயபுரத்துக்கு மவுசு குறைந்தது. கவனிப்பார் இல்லாமல் ரொம்ப காலம் கிடந்து, 2005-இல் பழுது பார்த்தார்கள். அந்த உயரமான தூண்கள் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. மின்சார ரயிலும் நின்று போகிறது.

இன்னொன்று, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் இருந்த குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு. 1993-இல் கட்டியது. 2021 டிசம்பர் 27-ஆம் தேதி காலையில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் அப்படியே சரிந்து மண்ணாகிவிட்டது. விரிசல் விடுவதைப் பார்த்து ஜனங்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால், தெய்வாதீனமாக ஒரு உயிருக்கும் சேதமில்லை. ஆனால் சேர்த்து வைத்த பாத்திரம் பண்டம், குழந்தைகளின் புத்தகம், சர்டிபிகேட், கல்யாணப் போட்டோ எல்லாம் கல்லுக்கடியில் போனால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும்?

யோசித்துப் பாருங்கள். 1856-இல் கட்டியது நிற்கிறது. 1993-இல் கட்டியது விழுந்துவிட்டது. ஆகவே 'பழசு, அதனால் விழும்' என்று சொல்வதும் சரியில்லை. 'புதுசு, அதனால் பயமில்லை' என்று நிம்மதியாகத் தூங்குவதும் சரியில்லை. எதை வைத்துக் கட்டினார்கள், எப்படிக் கட்டினார்கள், கட்டின பிறகு யார் பார்த்துக் கொண்டார்கள் என்பதுதான் விஷயம்.

எங்கள் ராயபுரத்து வீட்டிலேயே இதைப் பார்த்தோம். முன்கட்டு, மாமனாரின் தாத்தா கட்டியது. சுண்ணாம்புச் சுவர், மேலே மெட்ராஸ் டெரஸ். அதாவது தேக்குக் கட்டைகளைப் போட்டு, மெல்லிசான சின்னச் செங்கல்லைக் கோணலாக நிறுத்தி அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் தெளித்துத் தெளித்து அடித்த தளம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டுவார்களாம்; மாமியார் சின்ன வயசில் பார்த்திருக்கிறார். பின்கட்டில் இருக்கிற சமையலறையும் பாத்ரூமும் நான் கல்யாணமாகி வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் கான்கிரீட் போட்டுக் கட்டினது.

கொழுந்தனார் ஒரு நாள் வந்து, "அண்ணி, இந்தக் கிழ வீட்டைக் கட்டிக்கிட்டு எதுக்கு அழணும்? இடிச்சா ஆளுக்கு ஒரு பிளாட் வரும். அண்ணன்கிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றார். அவருக்கும் பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற கவலை. தப்பு சொல்ல முடியாது. மாமியாரோ, "நான் கண்ணை மூடினப்புறம் என்னா வேணா பண்ணிக்குங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். கடைசியில் பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு இன்ஜினீயரை அழைத்து வந்தோம். சின்னச் சுத்தியலை வைத்துக்கொண்டு சுவர், தளம், கட்டை என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். முன்கட்டில் மழைத் தண்ணீர் இறங்கி இரண்டு கட்டைகளின் முனை மட்டும் உளுத்திருந்தது. மற்றதெல்லாம் கணீர் என்று இருக்கிறது என்றார். பின்கட்டுக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது. சமையலறைத் தளத்தில் காரை பெயர்ந்த இடத்தில் கம்பி வறுத்த அப்பளம் மாதிரி உதிர்ந்தது. "ஏம்மா, இதுக்குக் கீழேயா தினமும் நின்னு சமைக்கிறே?" என்று கேட்டார்!

அவர் சொன்ன காரணம் நம் எல்லோருக்கும் பொருந்தும். நாம் கடலோரத்தில் இருக்கிறோம். உப்புக் காற்றும் ஈரமும் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி ஊதிப் பெருக்கும். மேலே இருக்கிற காரையை உடைத்துத் தள்ளும். பழைய சுண்ணாம்புச் சுவரில் கம்பியே இல்லை. அதற்கு எமன் தேங்கி நிற்கிற தண்ணீரும், வேர் விடுகிற அரசங்கன்றும்தான்.

பின்கட்டை இடித்துப் புதிதாகக் கட்டினோம். முன்கட்டில் இரண்டு கட்டைகளை மாற்றினோம். செலவு கொஞ்சமில்லை, சீட்டுப் பணமும் போய் என் இரண்டு வளையலும் போனது. கொழுந்தனாருக்கு இன்றும் முழுத் திருப்தி இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் இன்ன இடம் ஆபத்து, இன்ன இடம் கெட்டி என்று தெரிந்த பிறகு வீட்டில் கூச்சல் அடங்கியது.

ஆகவே தண்டையார்பேட்டை சகோதரிக்கு என் பதில்: வீட்டுக்காரர் பக்கமும் வேண்டாம், மாமியார் பக்கமும் வேண்டாம். வீட்டை வாங்க வருகிறவர் கூட்டி வரும் ஆளாக இல்லாமல், நீங்களே ஒரு இன்ஜினீயரை அழைத்துப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பழுது பாருங்கள். நிஜமாகவே உளுத்துப் போயிருந்தால், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஒரு மழைக் காலம்கூடத் தள்ளிப் போடாதீர்கள். பழம்பெருமை குழந்தையின் தலைக்கு மேலே தொங்கக் கூடாது.

வீட்டில் இருக்கிற நாமே கவனிக்கக் கூடியவை சில:

* மேல் தளத்தில் பழுப்புக் கோடு, உப்பல், காரை விழுதல் தெரிந்தால் கட்டிலையும் தொட்டிலையும் உடனே அந்த இடத்தை விட்டு நகர்த்துங்கள். மேலே சிமென்ட் பூசி மறைப்பது புண்ணுக்குப் பவுடர் போடுவது மாதிரி.

* பூச்சில் மயிரிழைக் கோடு இருந்தால் பயமில்லை. ஜன்னல், கதவு மூலையிலிருந்து கோணலாக ஏறும் விரிசல்தான் ஆகாது. விரிசலின் குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். காகிதம் கிழிந்தால் விரிசல் வளர்கிறது என்று அர்த்தம்.

* மழையில்லாத நாளில் கதவு திடீரென்று இழுத்துப் பிடித்தால் மரத்தின் மேல் மட்டும் பழி போடாதீர்கள்.

* சுண்ணாம்புச் சுவர் அடியில் பொரிந்தால் சிமென்ட்டும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அடிக்காதீர்கள். ஈரம் உள்ளேயே அடைபட்டு இன்னும் பொரியும். சுண்ணாம்புப் பூச்சே நல்லது. ஓதம் பிடித்த அறையில் பூசணம் வரும். இளைப்பு உள்ள குழந்தைக்கு அது ஆகவே ஆகாது.

* மழைக்கு முன் மொட்டை மாடித் தண்ணீர்க் குழாய் வாயைச் சுத்தம் செய்யுங்கள். அரசங்கன்றை நுனியில் கிள்ளினால் போதாது, வேரோடு எடுக்க வேண்டும்.

* சுவர் முறிகிற சத்தம் கேட்டால், மணல் கொட்டினால், பீரோவைத் திறக்கப் போகாதீர்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள். அரிவாக்குளத்து ஜனங்கள் பிழைத்தது அப்படித்தான்.

சரி, இடிப்பது என்றே முடிவாகிவிட்டது. அப்போது 'ஆம்பளைங்க பார்த்துப்பாங்க' என்று உள்ளே போய்விடாதீர்கள். பத்திரமும் பட்டாவும் யார் பேரில் இருக்கிறது, வில்லங்கச் சான்றிதழ் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். 2005-ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பிள்ளையைப் போலவே பங்கு உண்டு. நாத்தனார் கையெழுத்து இல்லாமல் அவசரப்பட்டால் பிறகு கோர்ட் படி ஏற வேண்டி வரும். எத்தனை மாதத்தில் கட்டித் தருவார்கள், அதுவரை வாடகை யார் தருவது, நிலத்தில் நம் பாகம் எவ்வளவு என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். 8 வீடுகளுக்கு மேல், 500 சதுர மீட்டருக்கும் மேலான இடத்தில் கட்டுகிறார்கள் என்றால் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த நம்பரைக் கேட்டு வாங்குங்கள். வாரியக் குடியிருப்பில் இருப்பவர்கள் ஒதுக்கீட்டு ஆணையின் நகலை வீட்டுக்கு வெளியே, தாய் வீட்டிலோ நம்பிக்கையான தோழியிடமோ, ஒன்று கொடுத்து வையுங்கள்.

பக்கத்து வீட்டை இடித்தாலும் நமக்கு வேலை இருக்கிறது. ஜன்னலில் ஈரத் துணி கட்டுங்கள். குழிகளிலும் தொட்டிகளிலும் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு வளரும். தயங்காமல் மேஸ்திரியிடம் சொல்லி வடிக்கச் செய்யுங்கள்.

நம் வீட்டை நாம் பார்த்துக்கொள்ளலாம். தெருவுக்கே சொந்தமானதை யார் பார்ப்பது? படகோட்டிகள் காசு போட்டுக் கட்டின ராயப்பர் கோயிலை வைத்துத்தான் ராயபுரம் என்று பேர் வந்ததாகச் சொல்வார்கள். 18-ஆம் நூற்றாண்டில் கவர்னராக இருந்த காலெட் துரையின் பேரால் ஏற்பட்ட நெசவாளர் குடியிருப்புதான் நம் வாயில் நுழைந்து நுழைந்து காலடிப்பேட்டை ஆயிற்று. தீப்பெட்டிக் கம்பெனியின் பேர்தான் விம்கோ நகர். மெட்ரோ ஸ்டேஷனுக்குத் திருவொற்றியூர் தேரடி என்றே பேர் வைத்திருக்கிறார்கள். பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பேரைக் காப்பாற்றியதுபோல் கட்டடத்தையும் காப்பாற்ற முடியும். மவுண்ட் ரோட்டில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்டாக் என்ற அமைப்பு வழக்குப் போட்டது. 2010-இல் ஹைகோர்ட் இடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. நாலு பேர் கூடிக் கேட்டதால்தானே நடந்தது?

கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை. இந்த லீவில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பீச் ஸ்டேஷனில் ஏறி ராயபுரத்தில் இறங்குங்கள். அந்தத் தூணைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "தெற்கே முதல் ரயில் நம்ம ஊர்லேர்ந்துதான் போச்சு" என்று சொல்லுங்கள். அங்கே குப்பை கொட்டியிருந்தாலும் சுவரில் செடி முளைத்திருந்தாலும் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். நம் வீட்டு மொட்டை மாடிக்குச் செய்கிற அதே வேலைதான்!

அடுத்த இதழில் ஓதம் பிடித்த அலமாரியில் பட்டுப் புடவையை எப்படி வைப்பது என்று எழுதுகிறேன். உங்கள் வீட்டில் வழக்கமாகச் செய்யும் முறை ஏதாவது இருந்தால் எழுதி அனுப்புங்கள், சேர்த்துக் கொள்கிறேன்.