சுசேகாத்: விலைக்கு வந்த ஒரு சொல்

கோவாவுக்குச் செல்லும் பயணி முதலில் கற்றுக்கொள்ளும் உள்ளூர்ச் சொல் பெரும்பாலும் 'சுசேகாத்' என்பதாகவே இருக்கும். விடுதி விளம்பரங்களிலும் பயணக் குறிப்புகளிலும் 'கவலையற்ற கடற்கரை வாழ்வு' என்று அதற்குப் பொருள் கூறப்படுகிறது. நண்பகலுக்குப் பின் கடையை அடைத்துவிட்டு உறங்கச் செல்லும் கோவாக்காரரைச் சுட்டி, அதைச் 'சோம்பல்' என்று பெயர்ப்போரும் உளர். இரண்டும் அச்சொல்லுக்குப் பொருந்தாப் பொருள்களே.

போர்த்துகீசிய மொழியின் 'சொசெகாடோ' என்பதே கொங்கணியில் 'சுசேகாத்' ஆயிற்று. 'தணிவி', 'அமைதிப்படுத்து' என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்த இறந்தகால எச்ச வடிவம் அது. ஆகவே 'அமைதியான' என்பதைக் காட்டிலும் 'அமைதியடைந்த' என்பதே அதற்கு நெருங்கிய பொருள். அந்த அமைதிக்கு முன் ஓர் அலைச்சல் இருந்தது என்பதைச் சொல்லின் வடிவமே உணர்த்துகிறது. அவ்வினையின் வேரை 'உட்கார்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையோடு தொடர்புபடுத்துவது வழக்கு. 'அமர்தல்' என்னும் ஒரே வினையால் உட்கார்தலையும் தணிதலையும் குறிக்கும் தமிழருக்கு இவ்வுறவு விளங்காததன்று.

அந்த அலைச்சல் எத்தகையது? கோவாவின் ரொட்டிக்காரரான 'பொதேர்' இரவெல்லாம் அடுப்பின் முன் நின்று, விடியற்காலையில் மிதிவண்டியில் ஊர் சுற்றுபவர். 'ராம்போன்' என்னும் பெருவலையைக் கரையிலிருந்து இழுக்கப் பல கைகள் கூட வேண்டும். அவ்வலையை இழுத்த ராம்போன்கார்களே 1970களில் விசைப்படகுகளுக்கு எதிராக நெடும் போராட்டம் நடத்தினர். 'தார்வொட்டி' எனப்படும் கப்பல் தொழிலாளர்கள் மும்பையில் தத்தம் ஊரார் நடத்திய 'குட்' என்னும் பொது விடுதிகளில் தங்கி, அடுத்த கப்பலுக்காகக் காத்திருந்தனர். இவர்களின் பிற்பகல் உறக்கம் உழைப்பு ஈட்டித் தந்த ஓய்வு.

அந்த ஓய்வுக்கென ஓர் இடமும் இருந்தது. பழைய கோவா வீடுகளின் முகப்பில், படியேறியதும் இருபுறமும் கல்லிருக்கைகள் கொண்ட 'பல்காவ்' என்னும் திண்ணை உண்டு. அது தெருவைப் பார்த்து அமைந்தது. மாலையில் அங்கு அமர்பவரும் வழிப்போக்கரும் பேசிக்கொள்ளாமல் இருத்தல் அரிது. தட்டையான சிப்பி ஓடுகளைத் தேய்த்து மரச்சட்டங்களில் பொருத்திய சன்னல்கள் வெயிலின் கூச்சத்தைத் தணித்து, பால்நிற ஒளியை மட்டும் உள்ளே விட்டன. சன்னல், சாவி, அலமாரி என்னும் சொற்களைப் போர்த்துகீசியத்திலிருந்து பெற்றுக்கொண்ட தமிழுக்கும் இவ்வீடுகள் முற்றிலும் அயலானவை அல்ல.

எனினும் இந்நினைவுகளை அப்படியே போற்றுவதும் நேர்மையன்று. பெரிய பல்காவ்கள் பெரும்பாலும் 'பாட்கார்' எனப்பட்ட நிலக்கிழார்களுடையவை. அவர்தம் நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்த 'முண்ட்கார்'களை வெளியேற்றத்திலிருந்து காக்க 1975இல் தனிச்சட்டமே தேவைப்பட்டது. திண்ணையில் அமர்ந்தவரின் அமைதிக்கு வயலில் நின்றவரின் உழைப்பும் விலையாயிற்று. பழமையின் அழகைப் பேசுவோர் இந்தக் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும்.

இன்றைய நிலையோ வேறு. பெருநகரச் செல்வர்கள் பழைய வீடுகளை விடுமுறை இல்லங்களாக வாங்குகின்றனர். சிலர் ஓடுகளையும் சிப்பிச் சன்னல்களையும் மிகுந்த செலவில் செப்பனிடுகின்றனர். அது பாராட்டத் தக்கதே. ஆனால் முன்புறம் உயர்ந்த மதில் எழுகிறது. பின்புறம் நீச்சல்குளம் அமைகிறது. தெருவை நோக்கியிருந்த வீடு தெருவுக்கு முதுகு காட்டிவிடுகிறது. ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே திறக்கப்படும் வீட்டின் பல்காவில் அமர்ந்து யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. பனாஜியின் ஃபோன்டேனாஸ் பகுதியில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அங்கு மக்கள் இன்னும் வாழ்கின்றனர். ஆனால் அவர்களுடைய வாயில்கள் பிறர் படமெடுக்கும் பின்னணிகளாகிவிட்டன. 'படம் எடுக்காதீர்' என்று வீட்டுச் சுவரில் எழுதிவைக்க வேண்டிய நிலை குடியிருப்போருக்கு வந்துள்ளது.

மரபைப் பேணுதல் என்பது சுவரையும் ஓட்டையும் பேணுவதோடு முடிவதன்று. வீடு எத்திசையை நோக்கியிருந்தது, அதன் முகப்பில் யார் அமர்ந்தனர், யார் அமர இயலவில்லை என்பனவும் மரபின் பகுதிகளே. கட்டடத்தைக் காக்கும் விதிகள் அதில் ஆண்டு முழுதும் குடியிருப்பவரையும் கருத வேண்டும்; பண்பாட்டு ஆய்வுகள் மாளிகைகளோடு குட் விடுதிகளையும் ரொட்டி அடுப்புகளையும் ஆவணப்படுத்த வேண்டும்.

கடற்கரையில் சில நாள் இளைப்பாறுவது குற்றமன்று. அந்த இளைப்பாறலுக்குச் சுசேகாத் என்று பெயரிடுவோர், அவ்வூரில் உழைத்துக் களைத்தவர்கள் அமர்வதற்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்பதே முறை.