கண்மாயை ஏட்டில் ஏற்றுவோம், வாரியைத் திறப்போம்!



புரட்டாசி பிறந்துவிட்டது. ஐப்பசி அடைமழைக்கு இன்னும் சில வாரமே. அதற்குள் முடிக்க வேண்டிய வேலை இரண்டு. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துவாரியைத் திறப்பது ஒன்று. அதை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றது, நம் கண்மாய் ஒவ்வொன்றையும் ஈரநிலம் என்று ஊரறிய எழுதி வைப்பது. மண்வெட்டி பிடித்த கைக்கு இது வெறும் காகித வேலையாகத் தோன்றும். ஆனால் இன்று கண்மாய் பறிபோவதே காகிதத்தில்தான்.

1971இல் ஈரானின் ராம்சார் நகரில் நாடுகள் கூடி ஈரநிலம் எது என்று வகுத்தன. தானாக அமைந்ததோ மனிதர் வெட்டியதோ, வற்றாததோ வற்றுவதோ, நன்னீரோ உவரோ எல்லாம் அதில் அடக்கம். கடலில், வற்றத்தின்போது ஆறு மீட்டர் ஆழம் வரை சேரும். அந்தக் கணக்கில் புதுக்கோட்டையில் என்னதான் இல்லை? நார்த்தாமலைச் சுனை, ஊர்தோறும் ஊருணி, கவிநாட்டுக் கண்மாய், முத்துக்குடா அலையாத்திக் காடு, பாக் விரிகுடாவில் கடற்பசு மேயும் கடற்புல் படுகை. எட்டு ஹெக்டேருக்குக் குறைந்த குட்டைக்கும் அந்த வகைப்பாட்டில் தனி இடம் உண்டு.

நம் நாட்டு விதிகளைப் பாருங்கள். 2010 விதிகள் குளங்களைப் பெயர் சொல்லியே சேர்த்திருந்தன. 2017இல் வந்த புதிய விதிகள் ராம்சார் வரையறையை அப்படியே எடுத்துக்கொண்டு, கடைசியில் ஒரு வால் சேர்த்தன: பாசனத்துக்கென்றே கட்டியவை ஈரநிலம் ஆகாது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய், குளங்கள் உள்ள மாவட்டம் நம்முடையது. அவற்றில் பெரும்பாலானவை பாசனத்துக்கு வெட்டியவை. குப்பை கொட்டத் தடை, கரையோரம் நிரந்தரக் கட்டடத்துக்குத் தடை என்று அந்த விதிகள் தரும் காப்பு எதுவும் அவற்றுக்கு இல்லை என்று ஆகிறது.

சரி, பாசனக் கண்மாய் ஈரநிலம் இல்லையென்றால் திருவாரூர் வடுவூர் எப்படி ராம்சார் ஈரநிலப் பட்டியலுக்குப் போனது? ராமநாதபுரம் சக்கரக்கோட்டை? அவையும் கரை கட்டி நீர் தேக்கியவைதாமே! 2025 பிப்ரவரியோடு தமிழ்நாட்டில் ராம்சார் தளங்கள் 20. அந்த மாவட்டங்களுக்கு இடம் கிடைத்தது, நமக்கு ஒன்றுகூட இல்லை. அங்கே பறவையை எண்ணி எழுதி வைத்தார்கள். நாம் எழுதவில்லை, அவ்வளவுதான்.

"வருசத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்குது, அதிலென்ன ஈரநிலம்?" என்று எந்த அதிகாரியாவது கேட்டால் மீன்பிடித் திருவிழாவுக்கு அழைத்து வாருங்கள். துண்டு வீசியதும் ஊத்தாவும் கச்சாவுமாக ஊரே இறங்கும். முழங்கால் தண்ணீரில், கலங்கிய சேற்றில், விராலும் குரவையும் எப்படிப் பிழைத்தன? மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன்கள் அவை. தண்ணீர் போன பிறகும் அல்லிக்கிழங்கும் கோரைக்கிழங்கும் மண்ணுக்குள் கிடந்து, முதல் மழைக்கு முளைவிடும். வற்றும்போது ஓரத்தில் தெரியும் சேற்றில்தான் உள்ளான் இரை தேடும். வற்றுவது இந்தக் கண்மாய்களின் இயல்பு.

அதனால் 'தூர்வாருகிறோம்' என்று பொக்லைன் கொண்டுவருபவரையும் கவனியுங்கள். கண்மாய்க்குச் சரிவான ஓரம் வேண்டும். சவுடு மண்ணுக்காகச் செங்குத்தாகக் குழி பறித்தால் கொக்கு நிற்க இடமில்லை, ஆடு மாடு இறங்க வழியில்லை. அது தூர்வாரல் இல்லை, மண் வியாபாரம்.

வாரிக்கு வருவோம். அரசு வனத்தோட்டங்களின் தைலமரக் காட்டுக்குள் போட்ட வரப்பும் வெட்டிய பள்ளமும் மழைநீரை மேலேயே மறித்துக்கொள்கின்றன. கீழே கண்மாய் எப்படிப் பெருகும்? விவசாயிகள் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். கஜா புயலுக்குப் பிறகு அரசை எதிர்பார்க்காமல் சொந்தக் காசில் குளம் தூர்வாரிய இளைஞர்கள் இந்த மாவட்டத்துக்காரர்கள். அந்தக் கைகள் இப்போது வாரிக்கு வரட்டும்.

இனி எழுதி வைக்கும் வேலை. சித்தன்னவாசலுக்குப் போனவர்கள் அறிவர் கோயில் விதானத்தைப் பார்த்திருப்பீர்கள். தாமரைக்குளத்தில் மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். சமணர் அதைச் சமவசரணத்துக் குளம் என்பர். வரைந்தவன் கண் நிறைய ஒரு குளத்தைப் பார்த்தவன் என்பேன் நான். ஆயிரம் ஆண்டுக்கு முன் அவன் செய்ததை ஒரு நோட்டில் நாம் செய்ய முடியாதா?

இந்த வாரமே கரையில் நடங்கள். புல எண், உள்வாய் எல்லை, மடை, கலிங்கு, வாரி எங்கே அடைபட்டது, எந்த மாதம் பெருகும், எப்போது வற்றும், என்ன பறவை, என்ன மீன், என்ன செடி எல்லாவற்றையும் குறியுங்கள். ஆடு மேய்ப்பவரையும் கோரை அறுக்கும் அக்காக்களையும் கேட்காமல் எழுதாதீர்கள். 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்களைக் காக்கச் சொல்லி 2017இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நம் கண்மாய் அந்தக் கணக்கில் இருக்கிறதா என்று மாவட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

அக்டோபர் 2 கிராமசபைக்குத் திரண்டு வாருங்கள். நம் பட்டியலும் வாரித் தடையை அகற்றும் கோரிக்கையும் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை யாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டாம். ஏறியதும் நகல் வாங்கிக்கொண்டு, மண்வெட்டியோடு நேரே வாரிக்கு!