பக்கத்துத் தீவு முழித்துக் கொண்டது! நம்ம மாவட்டம் முழிப்பது எப்போது?

நாகர்கோவில்

எட்டு பேர் ஓட வேண்டிய பந்தயம். ஓட வந்தவர் ஒரே ஒருவர்!

சினிமாக் கதை அல்ல. 2023 செப்டம்பர் மாதம் டெல்லி ஜவகர்லால் நேரு ஸ்டேடியத்தில் நடந்த சங்கதி. டெல்லி மாநில தடகளப் போட்டி. ஆண்கள் 100 மீட்டர் ஓட்டம், இறுதிச் சுற்று. ஊக்கமருந்து சோதனை அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று காதோடு காதாகத் தகவல் பரவியது. அவ்வளவுதான். ஏழு பேரைக் காணோம்!

இன்னொரு ஓட்டத்தில் ஒரு பெண் எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தார். அதிகாரி பின்னாலேயே துரத்தினார். ஸ்டேடியம் கக்கூசில் பார்த்தால், போட்டுவிட்டு எறிந்த ஊசிகள்!

"அது டெல்லி. நமக்கென்ன?" என்று பேப்பரை மடித்து வைத்துவிடாதீர்கள். ஊசி நம்ம ஊருக்கும் வந்து ரொம்ப நாளாச்சு.

தோப்புக்குள் ஒரு பையன்

கொஞ்ச நாள் முன்னால் தக்கலை பக்கம் ஒரு கிராமத்தில் கபடிப் போட்டி. ராத்திரி 11 மணி இருக்கும். அங்கே அடிதடி என்று போன் வந்து நான் போனேன். போவதற்குள் அடிதடி சமாதானமாகிவிட்டது. திரும்பி வரும்போது பக்கத்து வாழைத்தோப்பில் செல்போன் வெளிச்சம். ஒரு பையன். 19 வயசு இருக்கலாம். கையில் ஊசி.

"அண்ணே, போட்டோ மட்டும் எடுக்காதீங்க" என்றான்.

"என்ன மருந்து மக்கா இது?"

"தெரியாதுண்ணே. மூச்சு வாங்காதுன்னு ஒருத்தரு தந்தாரு. எல்லாவனும் போடுதானுவ. நான் மட்டும் போடாம எறங்குனா தோத்துருவோம்லா?"

அவன் பேரையும் ஊரையும் எழுத மாட்டேன். ஆனால் அவன் கேட்ட கேள்வி என் மண்டையை விட்டுப் போகவில்லை. போடாதவன் தோற்கிறான் என்றால், யோக்கியனாக விளையாடுகிறவனுக்கு இந்த நாட்டில் என்ன மரியாதை?

ஆபரேஷன் நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்துவிடாமல் இருக்க டாக்டர் போடுகிற ஊசி மருந்து ஒன்று உண்டு. மெபென்டெர்மின் என்று பேர். அதைத்தான் பல ஊர்களில் ஜிம் பையன்கள் போட்டுக் கொள்கிறார்கள். இதயம் தாறுமாறாக அடிக்கும். உடம்பை ஊத வைக்கிற ஸ்டீராய்டு ஊசி வேறு ரகம். கல்லீரல் கெடும், இதயம் கெடும். ஆண் பிள்ளைக்கு மார்பு வளரும், விதை சுருங்கும். வெளியே பயில்வான், உள்ளே நோயாளி!

வெட்கக்கேடான முதலிடம்

உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான 'வாடா' ஒவ்வொரு வருஷமும் கணக்கு வெளியிடுகிறது. 2023-ல் இந்தியா 5,606 மாதிரிகளைச் சோதித்தது. 213-ல் மருந்து! 2024-ல் 7,113 மாதிரி. 260-ல் மருந்து! நூற்றுக்கு மூன்றரைக்கு மேல். பெரிய அளவில் சோதனை நடத்துகிற நாடுகளில் நாம்தான் முதலிடம்.

நம்ம தமிழ்நாட்டுக்கும் இந்த அடி விழுந்தது. திருச்சி பக்கம் முடிகண்டம் கிராமத்துப் பெண் கோமதி மாரிமுத்து. 2019 ஏப்ரலில் தோஹாவில் ஆசிய போட்டி, 800 மீட்டரில் தங்கம். ஊரே கொண்டாடியது. பிறகு சோதனையில் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு. தெரிந்து எடுக்கவில்லை என்று அவர் சொன்னார். 2020-ல் நாலு வருஷம் தடை. தங்கமும் போச்சு.

இதில் கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? தோஹாவுக்குப் போவதற்கு முன்பே, மார்ச் மாதம் பாட்டியாலாவில் எடுத்த மாதிரியிலும் மருந்து இருந்தது. அந்த முடிவு உடனே கைக்கு வந்திருந்தால் தோஹா பயணமே கிடையாது. உலகம் முழுக்க தலைகுனிவும் கிடையாது. தாமதம் யார் தலையில் விழுந்தது? ஓடின பெண் தலையில்!

சின்ன தீவு என்ன செய்தது?

இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். நம்ம வீட்டுப் பெரியவர்கள் ரேடியோவில் பாட்டுக் கேட்ட இலங்கைதான். ஜனத்தொகை தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது. பணக் கஷ்டம் வேறு.

ஆனால் விளையாட்டில் ஊக்கமருந்தைத் தடுக்க 2013-லேயே அவர்கள் தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். அதன்படி தனி நிறுவனம் வைத்தார்கள். உலக அங்கீகாரம் பெற்ற லேப் அங்கே கிடையாது. பாட்டிலில் சீல் வைத்து, விமானத்தில் ஏற்றி, வெளிநாட்டு லேபுக்கு அனுப்புகிறார்கள். பெரிய வீரர்களோடு விடவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாட்டிலும் சோதனை நடத்தினார்கள்.

நாம் எப்போது சட்டம் போட்டோம்? 2022-ல்! ஒன்பது வருஷம் பின்னால். நம்மிடம் டெல்லியில் லேப் இருக்கிறது. ஆனால் தரம் போதாது என்று 2019 ஆகஸ்டில் 'வாடா' அதை நிறுத்தி வைத்தது. 2021 டிசம்பரில்தான் திரும்ப அங்கீகாரம் வந்தது.

இலங்கையும் அடிபட்டுத்தான் பாடம் படித்தது. கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க. 2011 உலகக் கோப்பை நேரத்தில் தோள்பட்டை வலிக்கு மூலிகை மருந்து எடுத்தார். அதற்குள் ஸ்டீராய்டு கலந்திருந்தது. மூன்று மாதம் தடை. நம்ம ஊரில் வர்ம ஆசானிடம் எண்ணெயும் லேகியமும் வாங்காத விளையாட்டுக்காரன் உண்டா? நல்ல ஆசான்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விதி ஒன்றுதான். உடம்பில் என்ன இருந்தாலும் அதற்கு நீதான் பொறுப்பு. மும்பை வீரர் பிரித்வி ஷாவுக்கு 2019-ல் இருமல் மருந்தால் எட்டு மாதம் தடை. இருமல் மருந்துக்கே இந்தக் கதி!

சோதனையும் தப்பாகலாம். இலங்கை விக்கெட் கீப்பர் குசல் பெரேரா மீது 2015 டிசம்பரில் குற்றம் சாட்டினார்கள். கத்தார் லேப் சொன்ன முடிவு நிற்கவில்லை. 2016 மே மாதம் விடுதலை. ஐந்து மாதம் வீணாய்ப் போனது. ஆகவே பிடிப்பதும் வேண்டும், நியாயமாகப் பிடிப்பதும் வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு சுசந்திகா ஜெயசிங்கே கதையைச் சொல்கிறேன். இலங்கை கிராமத்துப் பெண். 1998-ல் அவர் மீதே மருந்துப் புகார் வந்து, பிறகு விடுவிக்கப்பட்டவர். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் வெண்கலம். முதலில் வந்த அமெரிக்க வீராங்கனை மரியான் ஜோன்ஸ் மருந்து எடுத்ததை 2007-ல் ஒப்புக்கொண்டார். வெண்கலம் வெள்ளியாக மாறியது. லேட்டாக வந்தாலும் நியாயம் வந்தது. தோப்பில் நின்ற பையனுக்கு இந்தக் கதையை யாரும் சொல்லவில்லை.

இங்கே என்ன செய்யலாம்?

களியக்காவிளையில் பஸ் ஏறினால் ரெண்டு மணி நேரத்தில் ஆரல்வாய்மொழி. இவ்வளவுதான் நம்ம மாவட்டம். ஒரு தீவு முழுக்க செய்ததை இந்த அளவு இடத்தில் செய்ய முடியாதா?

கஞ்சா பொட்டலத்தோடு பிடிபட்டால் போட்டோவோடு செய்தி போடுகிறோம். டாக்டர் சீட்டு இல்லாமல் பையன்களுக்கு ஊசி மருந்து விற்றவன் பிடிபட்டான் என்று நான் ஒரு செய்தி கூட எழுதினதில்லை. சீட்டு இல்லாமல் விற்பது குற்றம் என்று சட்டம் இருக்கிறது. மருந்து ஆய்வாளர் இருக்கிறார். கடைகளின் பில் புத்தகத்தைப் புரட்டினால் எந்த மருந்து எங்கே எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும்.

கபடிப் போட்டி நடத்துகிற கமிட்டிக்காரர்களே! மைக் செட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் பணம் இருக்கிறது. மைதானத்தில் ஒரு டாக்டரை உட்கார வைக்க முடியாதா? ஊசியோடு பிடிபட்டால் அந்த டீமுக்குப் பரிசு கிடையாது என்று நோட்டீசில் ஒரு வரி போட முடியாதா?

அண்ணா ஸ்டேடியத்தில் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு, மாதம் ஒரு நாள் இதைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கலாம். எந்த மருந்து ஆகாது என்று பார்க்க தேசிய அமைப்பான 'நாடா' செல்போனிலேயே செயலி வைத்திருக்கிறது. எத்தனை பி.டி. வாத்தியாருக்கு அது தெரியும்?

ஒன்று மட்டும் வேண்டாம். பையனைப் பிடித்து அடித்து, அவன் படத்தைப் போட்டு, விஷயத்தை முடித்துவிட வேண்டாம். விளையாட்டுக் கோட்டாவில் போலீஸ் வேலை, ரெயில்வே வேலை கிடைக்கும் என்று நம்பி ஓடுகிற ஏழைப் பிள்ளைகள் இவர்கள். ஊசி தந்த ஆசாமியைப் பிடியுங்கள்.

அந்தப் பையன் டீம் அன்றைக்கு ஜெயித்ததா என்று கேட்கிறீர்களா?

தோற்றுப் போனது! ஊசியும் போட்டு, தோற்கவும் செய்தான். எதிர் டீம்காரன் எத்தனை ஊசி போட்டானோ, யார் கண்டார்?

கலெக்டரும் போலீஸ் சூப்பிரண்டும் கவனிக்க வேண்டும். அடுத்த போட்டிக்கு முன்னால்.